நந்தன் கதைமரபில் நுழைவும் நிபந்தனையும்: சமயத்தின் பணியும் பிறழ்பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

தற்காலச் சமூகத்தில் சமயம் ஆற்றும் பணி எது, அதன் பிறழ்பயன்பாடு எது என்பதைப் பிரித்தறிவதற்கான அளவுகோல் ஒன்றைத் திருநாளைப்போவார் கதைமரபிலிருந்து பெற முடியும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி, சேக்கிழாரின் பெரியபுராணம், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்', இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' ஆகிய ஐந்து பனுவல்களில் அடியவனுக்கும் இறைவனுக்கும் இடையே வைக்கப்படும் நிபந்தனை எவ்வாறு இடம் மாறுகிறது என்பது ஆராயப்படுகிறது. நிபந்தனையை விதித்தவர் யார், அதன் விலையைச் செலுத்தியவர் யார், அடியவன் தன் உருவிலேயே ஏற்கப்பட்டானா என்னும் மூன்று வினாக்கள் ஆய்வுக்குக் கருவிகளாகின்றன.

திறவுச்சொற்கள்: திருநாளைப்போவார், பெரியபுராணம், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, புதிய நந்தன், நந்தன் கதை, ஆலய நுழைவு, நிபந்தனை

முன்னுரை

சமயத்தின் பயனையும் பிழையையும் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளில் ஒன்றைச் சார்ந்துவிடுகின்றன. சமயம் தூயது, அதைக் கையாளும் மனிதரே குற்றமுடையோர் என்பது ஒன்று. சமயமே ஒடுக்குமுறையின் கருவி என்பது மற்றொன்று. முதல் நிலைப்பாடு பனுவல்களைக் கேள்விக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. இரண்டாவது நிலைப்பாட்டால், வாயிலில் தடுக்கப்பட்டவர்களே அந்த வாயிலை நாடி மீண்டும் மீண்டும் வந்த வரலாற்றை விளக்க இயலவில்லை. இவ்விரண்டும் காணத் தவறுவது, ஒரே பனுவலுக்குள் சமயத்தின் விடுதலைக் குரலும் விலக்கும் குரலும் அருகருகே ஒலிக்கக்கூடும் என்பதை. நந்தன் கதைமரபு இதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவரும் இக்கதையில், ஒவ்வொரு மறுஆக்கமும் ஒரே இடத்தில்தான் கைவைக்கிறது. அது ஆதனூரிலிருந்து புறப்பட்டவன் தில்லைக்குள் நுழைவதற்கு என்ன செய்ய வேண்டியிருந்தது என்னும் இடம்.

தீ இல்லாத தொடக்கம்

சுந்தரரின் திருத்தொண்டத்தொகை திருநாளைப்போவாரைப் பெயரளவில் போற்றி நிற்கிறது. சாதியோ ஊரோ நிகழ்ச்சியோ அங்கு இல்லை. கதையின் முதற்குறிப்பு நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் ஒரு பாடலாக அமைகிறது. ஆதனூர் அவர் பதி என்பதும், தில்லை இறைவனின் அருளால் அவருடைய புலைமை நீங்கியது என்பதும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப அவர் முனிவரானார் என்பதும் அப்பாடலால் அறியப்படுகின்றன. இப்பாடலில் தீ இல்லை என்பது கவனத்திற்குரியது. அருள் நேராக நிகழ்கிறது, மூவாயிரவர் வணங்குகின்றனர், இடையில் வேள்விக்குழியோ ஆணையோ குறிக்கப்படவில்லை.

ஒரு பாடலின் சுருக்கத்தைக் கொண்டு, நம்பியின் காலத்தில் தீப்புகும் செய்தி வழங்கவில்லை என்று முடிவு கட்டிவிட இயலாது. எனினும் கிடைக்கும் பனுவல்களின் அளவில், தீ முதன்முதலாகத் தோன்றுவது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடத்தில்தான். ஆகவே தீயை இக்கதையின் இயல்பான, விலக்கவியலாத கூறாகக் கொள்ளாமல், விளக்கம் வேண்டும் ஒரு கூறாகக் கொள்வதே ஆய்வுக்கு ஏற்றது. அதே வேளையில், புலைமை நீங்க வேண்டிய ஒன்று என்னும் கருத்து நம்பியிடமே இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சேக்கிழார் அந்த நீக்கத்திற்கு ஒரு வழிமுறையை அமைத்தார்.

பெரியபுராணத்தில் நான்கு வாயில்கள்

சேக்கிழார் புலைச்சேரியைப் பாடும் பகுதி, தமிழ்க் காப்பிய மரபில் அரிதான ஒன்று. சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகள், உலரும் தோல்கள், இரும்பு வளை அணிந்த சிறுவர்கள், நாய்க்குட்டிகள், கோழிகள் எனக் கண்ணாரக் கண்டவரின் நுட்பத்தோடு அவ்வாழ்க்கை பதிவாகிறது. நந்தனாரின் பிழைப்புக்குரிய நிலத்தையும் அவர் சொல்கிறார். ஊரார் பறைத்தொழிலுக்கென விட்ட பறைத்துடவை அது. அந்த உணவுரிமையோடு கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் அளித்துவந்தார் என்கிறார். கோயிலின் இசை முழங்கத் தன் உழைப்பைத் தருபவர், அந்த இசையைப் புறத்தே நின்று கேட்க வேண்டியவராக இருக்கிறார். இம்முரண்பாட்டைச் சேக்கிழார் வெளிப்படையாகச் சாடவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை.

பிறப்பால் விலக்கப்பட்ட அடியவர் கோயில் வாயிலில் நிற்கும்போது இறைவன் என்ன செய்கிறார் என்ற வினாவுக்குப் பெரியபுராணம் ஒரே விடையைத் தரவில்லை. திருப்புன்கூரில் நந்தனார் புறத்தே நின்று காண விரும்புகையில், மறைத்து நின்ற நந்தியை இறைவன் விலகச் செய்கிறார். காட்சி கிடைக்கிறது, நுழைவு கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் புராணத்தில் இன்னும் இரு விடைகள் உள்ளன. பாணர் குலத்தவரான அவர் மதுரையில் வாயிலில் நின்று யாழிசைக்க, அவரை உள்ளே அழைத்து வருமாறு இறைவன் தொண்டர்களின் கனவில் பணிக்கிறார். யாழ் ஈரத்தால் கெடாதிருக்கப் பொற்பலகை இடவும் அருள்கிறார். திருவாரூரில் அவருக்கென வடதிசையில் வேறு வாயில் அமைகிறது. நான்காவது விடை தில்லையில் நந்தனாருக்குக் கிடைப்பது. தீயில் மூழ்கி இப்பிறவியைப் போக்கி, முப்புரிநூல் அணிந்தவர்களோடு வந்து சேர வேண்டும் என்பது அங்குள்ள ஆணை.

நான்கு விடைகளையும் ஒருங்கு வைத்துப் பார்க்கையில் ஒரு படிநிலை புலப்படுகிறது. மதுரையில் கோயிலின் வழக்கம் மாறுகிறது. திருவாரூரில் கட்டடம் மாறுகிறது. திருப்புன்கூரில் கல் மாறுகிறது. தில்லையில் மட்டும் அடியவனின் உடல் மாற வேண்டியிருக்கிறது. பாணர் பாணராகவே உள்ளே செல்கிறார். கண்ணப்பர் வேடராகவே இறைவனின் வலப்பக்கத்தில் நிற்கும் பேறு பெறுகிறார். தீயிலிருந்து எழும் நந்தனாரோ சடைமுடியும் பூணூலும் உடைய முனிவராகவே தில்லைக்குள் புகுகிறார். ஆதனூரின் புலைப்பாடியிலிருந்து வந்த மனிதரை அந்தக் கோயில் கடைசிவரை காணவே இல்லை.

இரு தீக்கள்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பெரியபுராணத்து அடியவர் பலரும் கடுஞ்சோதனைகளைத் தாங்கியவர்கள். கண்ணை இடந்தவரும் மகனை அறுத்தவரும் இருக்கும் நூலில், தீப்புகுதலை மட்டும் சாதியோடு இணைத்துக் காண்பது பொருந்துமா என்பது அம்மறுப்பு. இதற்கு விடை அந்நூலிலேயே உள்ளது. பிற அடியவருக்கு நேரும் சோதனை அன்பின் அளவைக் காட்டுவதற்கானது. நந்தனாரின் அன்போ திருப்புன்கூரிலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. தில்லைத் தீ அவருடைய அன்பைச் சோதிக்கவில்லை. அவருடைய பிறப்பை எரிக்கிறது.

திருநீலநக்க நாயனார் வரலாற்றோடு ஒப்பிடும்போது இது மேலும் தெளிவாகும். சாத்தமங்கையில் அந்தணரான நீலநக்கரின் இல்லத்தில் திருஞானசம்பந்தர் தங்கியபோது, உடன்வந்த யாழ்ப்பாணருக்கும் அவருடைய துணைவியாருக்கும் இடமளிக்குமாறு வேண்டுகிறார். நீலநக்கர் அவர்களுக்கு வீட்டின் நடுவே, வேள்வித்தீ அறாது எரியும் வேதிகையின் பக்கத்தில் இடமளிக்கிறார். அத்தீ அணையவில்லை, மாசுபடவும் இல்லை. வலஞ்சுழித்து ஓங்கி எழுகிறது. தில்லையிலும் சாத்தமங்கையிலும் எரிவது அந்தணர் வளர்க்கும் தீயே. ஒன்று விலக்கப்பட்டவரை எரித்து உருமாற்றியபின் ஏற்கிறது. மற்றொன்று அவர் அருகிருக்க மகிழ்ந்து எழுகிறது. இரண்டையும் பாடியவர் ஒருவரே. சமயத்தின் பணிக்கும் பிறழ்பயன்பாட்டுக்குமான விதைகள் ஒரே நூலில் கிடக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. பிற்காலச் சமூகம் இவற்றில் எந்தத் தீயை நினைவில் வைத்துக்கொண்டது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நந்தன் தீப்புகுந்த கதை நாடெங்கும் பாடப்பட்டது. நீலநக்கர் வீட்டுத் தீயைச் சைவம் பயின்றோர்க்கு அப்பால் அறிந்தவர் சிலரே.

தில்லையில் நிபந்தனையை விதிப்பவர் யார் என்பதும் நோக்கத்தக்கது. தில்லைவாழ் அந்தணர் தாமாக எதையும் கேட்பதில்லை. இறைவன் நந்தனாரின் கனவிலும் அவர்களுடைய கனவிலும் தோன்றிக் கட்டளையிடுகிறார். அவர்கள் நந்தனாரை மதிப்புடன் விளித்து, இறையாணையின்படி தீ அமைக்க வந்திருப்பதாகக் கூறுகின்றனர். இவ்வமைப்பில் விலக்கும் சமூகம் பொறுப்பிலிருந்து முற்றாக விடுபடுகிறது. கேள்வி கேட்க வேண்டுமானால் இறைவனைத்தான் கேட்க வேண்டும். அடியவன் அதைச் செய்யமாட்டான்.

கீர்த்தனையில் நிலத்தின் நிபந்தனை

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கியபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தார். அவர் நிலவுடைமையாளரான வேதியர். பறைத்துடவையை உரிமையாகக் கொண்ட சேக்கிழாரின் நந்தனார், பாரதியிடம் வேதியரின் பண்ணையாளாகிறார். தில்லைக்குச் செல்ல அவர் இறைவனிடம் கேட்பதற்குமுன் ஆண்டையிடம் விடைகேட்க வேண்டும். சாதித் தருமத்தைச் சொல்லித் தடுத்துவந்த வேதியர், இறுதியில் நாற்பது வேலி நிலத்தின் சாகுபடியை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். தஞ்சைத் தரணியின் பண்ணையடிமை முறையை அருகிருந்து கண்ட ஒருவரால்தான் இப்பாத்திரத்தைப் படைக்க முடியும்.

இம்மாற்றத்தால் விளைந்தது பெரிது. நிபந்தனை முதன்முறையாகக் கனவிலிருந்து வயலுக்கு இறங்குகிறது. அதை விதிப்பவருக்கு முகமும் குரலும் வருகின்றன. சமய மொழியில் சொல்லப்படும் தடைக்குப் பின்னால் உழைப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சம் இருப்பதைக் கேட்போர் கண்டுகொள்கின்றனர். தெய்வத்தை நாடும் பண்ணையாள் நாளை விடுப்பை நாடுவான். மறுநாள் கூலியைப் பற்றிப் பேசுவான். வேதியரின் சினம் இந்த அச்சத்திலிருந்து பிறக்கிறது. சமயத்தின் பிறழ்பயன்பாடு பெரும்பாலும் சமயத்திற்கு வெளியிலுள்ள நலனுக்காகவே நிகழ்கிறது என்னும் உண்மையை, கோட்பாட்டு மொழியின்றி இக்கீர்த்தனை உணர்த்துகிறது. அந்தணராகிய பாரதியே இதைச் செய்தார் என்பது, விமர்சனம் சமயத்தின் உள்ளிருந்தும் எழும் என்பதற்குச் சான்று.

எனினும் கீர்த்தனை தன் கண்டுபிடிப்பை முடிவுவரை கொண்டுசெல்லவில்லை. சிவகணங்கள் ஓரிரவில் பயிரை விளைவிக்கின்றன. வேதியர் மனம் மாறி நந்தனின் காலில் விழுகிறார். அநீதி ஓர் ஆண்டையின் அறியாமையாகச் சுருங்கிவிடுகிறது. நாற்பது வேலியும் விளைந்து வேதியரின் களஞ்சியத்தையே சேர்கின்றன. தில்லையின் தீயும் அப்படியே எஞ்சுகிறது.

'புதிய நந்தன்': அற்புதம் விலகிய உலகம்

1934-இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' அற்புதத்தை முற்றாக விலக்குகிறது. அவ்வாண்டின் தொடக்கத்தில் காந்தியடிகள் அரிசனப் பயணமாகத் தமிழகம் வந்துசென்றிருந்த சூழல் கதையின் பின்புலம். ஆதனூர்ச் சேரியின் கருப்பன், கிறித்தவக் கல்வி பெற்றுப் பின் சுயமரியாதைத் தோழராகும் அவனுடைய மகன், காங்கிரசில் ஈடுபடும் அக்கிரகாரத்து இளைஞன் ஆகிய மூவர் இக்கதையின் மையம்.

மகன் கடந்துவரும் பாதையே இக்கட்டுரைக்கு முதன்மையானது. மதம் மாறியதால் அவனுக்குப் படிப்பும் புதிய பெயரும் கிடைக்கின்றன. ஆனால் பாதிரியாரின் மகளை அவன் விரும்பும்போது, அவர் அவனை விரட்டுவது பழைய சாதியைச் சொல்லித்தான். புதுமைப்பித்தன் ஒரு மதத்தைக் குற்றவாளியாக்கி மற்றொன்றைத் தப்பவிடவில்லை. வாயில் எங்கு இருந்தாலும் அதன்முன் நிபந்தனையும் இருக்கிறது என்று காட்டுகிறார். அரசியல் இயக்கங்களும் இந்த அங்கதத்திலிருந்து தப்பவில்லை. இறுதியில் காந்தியின் வருகைநாளில், தண்டவாளத்தில் நடந்துவரும் கருப்பனைக் காப்பாற்ற ஓடும் இரு இளைஞரும் அவனும் ரயிலில் அடிபட்டு இறக்கின்றனர். மூவரின் இரத்தமும் கலக்கிறது. தீ இருந்த இடத்தில் ரயில் வந்திருக்கிறது. பூணூலோடு எழுந்துவர இங்கு யாருமில்லை. சாவில் மட்டும் கூடிய சமத்துவம் யாருடைய சாதனை என்னும் வினாவை வாசகனிடம் விட்டுக் கதை முடிகிறது.

'நந்தன் கதை': அற்புதத்தின் உற்பத்தி

இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' (1978) நாடகம், பாரதி நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குகிறது எனலாம். மேற்சாதியினரின் கூட்டுச்சூழ்ச்சியே இங்குக் கதையை நகர்த்துகிறது. அற்புதம் என்பது மனிதரால் ஏற்பாடு செய்யப்படுகிறது. அதை நம்பிய நந்தன் தன் மக்களிடமிருந்து பிரிக்கப்பட்டு, தானே விரும்பித் தீயை நோக்கி நடப்பவனாக்கப்படுகிறான். அவனும் அவனை நேசிக்கும் ஆடல்மகள் அபிராமியும் தீயில் மடிகின்றனர்.

இந்நாடகத்தின் வலிமை, ஒடுக்குவோரின் கொடுமையைக் காட்டுவதைவிட, நந்தனின் பக்தி உண்மையானது என்பதை விட்டுக்கொடுக்காததில் உள்ளது. சூழ்ச்சி வெற்றிபெறுவது அவனுடைய அன்பு மெய்யாக இருப்பதால்தான். நம்பிக்கை பொய்யாக இருந்திருந்தால் அவனை ஏமாற்றியிருக்க முடியாது. சமயத்தைத் தவறாகப் பயன்படுத்துவோர், அதன் மெய்யான ஆற்றலையே முதலாகக் கொள்கின்றனர் என்பது இந்நாடகத்தின் கசப்பான தெளிவு. எனினும் இதற்கு ஒரு விலையும் உண்டு. சேக்கிழாரிடம் இறைவனின் ஆணைக்கு உட்பட்டவனாக இருந்த நந்தன், இங்கு மேற்சாதியினரின் சூழ்ச்சிக்கு உட்பட்டவனாகிறான். இரண்டிலும் முடிவெடுப்பவன் அவனல்லன்.

நந்தன் பெயரால் ஒரு கல்விக்கூடம்

முடிவெடுப்பவனாக நந்தனைக் காணும் வாசிப்புகள் இலக்கியத்திற்கு வெளியே தோன்றின. அயோத்திதாசர் நந்தனைப் பௌத்த அரசனாகக் கண்டு, தீப்புகுந்த அடியவன் என்னும் சித்திரத்தையே மறுத்தார். சுவாமி சகஜானந்தர் வேறொரு வழியைத் தேர்ந்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து துறவியான அவர், சைவத்தைக் கைவிடாமல், நந்தனார் பெயரிலேயே 1916-இல் சிதம்பரத்தில் கல்விக் கழகம் நிறுவிப் பள்ளி நடத்தினார். நந்தன் உருமாறிய பின்னரே நுழைய முடிந்ததாகச் சொல்லப்படும் ஊரில், அவன் வழிவந்த குழந்தைகள் எவ்வித உருமாற்றமுமின்றி நுழையும் வாயில் ஒன்று அவன் பெயராலேயே திறக்கப்பட்டது.

இதை ஓர் இலக்கிய விமர்சனமாகவே கொள்ள இடமுண்டு. அயோத்திதாசர் கதையை மறுத்தார். சகஜானந்தர் கதையின் முடிவை மாற்றினார். சமயம் தற்காலச் சமூகத்தில் ஆற்றக்கூடிய பணிக்கு இது எடுத்துக்காட்டு. இங்கு நிபந்தனை இல்லை. விலையைச் செலுத்துபவர் நுழைபவர் அல்லர், வாயிலைத் திறப்பவர்.

வழக்கம் எனும் ஆணை

கதைக்கு வெளியிலுள்ள வரலாற்றில் நிபந்தனையின் பெயர் பெரும்பாலும் வழக்கம் என்பதாகும். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நாடார் நுழைந்ததை ஒட்டிய வழக்கு 1908-இல் பிரிவி கவுன்சிலில் முடிந்தபோது, வழக்கத்தின் அடிப்படையில் அவர்களின் உரிமை மறுக்கப்பட்டது. கனவில் வரும் கட்டளையைப் போலவே வழக்கத்திற்கும் பொறுப்பேற்கும் ஆசிரியர் இல்லை. 1939 ஜூலை 8-இல் அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடத்திய நுழைவும், 1947-இல் சென்னை மாகாணத்தில் வந்த ஆலய நுழைவுச் சட்டமும் சாத்தமங்கைத் தீயின் வழியில் வந்தவை. உடல் மாறாமல் வழக்கம் மாறியது. 2021 ஆகஸ்டில், பயிற்சி பெற்ற பல்வேறு சாதியினர் தமிழகக் கோயில்களில் அர்ச்சகராக நியமிக்கப்பட்டது அவ்வழியில் மற்றோர் அடி.

ஆனால் மற்றத் தீ அணைந்துவிடவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்களின் நுழைவு குறித்து எழுந்த மோதலைத் தொடர்ந்து 2023 ஜூனில் அக்கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. திருப்புன்கூரில் கல் விலகியதாகச் சொல்லும் மரபு, சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்தபின்னும் ஒரு கதவின் முன் நின்றுவிடுகிறது. சட்டம் நிபந்தனையை நீக்க முடியும். நிபந்தனையைத் தெய்வத்தின் பெயரால் நம்பும் மனத்தை மாற்றும் பொறுப்பு, அந்தத் தெய்வத்தின் கதைகளைச் சொல்பவர்களிடமும் கற்பிப்பவர்களிடமும் இருக்கிறது.

முடிவுரை

நந்தன் கதைமரபின் ஆய்வு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவதாக, கிடைக்கும் பனுவல்களில் தீப்புகுதல் பிற்காலத்தில் தெளிவு பெற்ற கூறு; நந்தனாரின் அடியார்த் தகுதிக்கு அது இன்றியமையாததன்று. இரண்டாவதாக, பெரியபுராணமே நுழைவு குறித்து முரண்பட்ட விடைகளைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஆகவே விலக்குவோரைப் போலவே வரவேற்போரும் அதை உரிமையோடு மேற்கோள் காட்ட முடியும். மூன்றாவதாக, நிபந்தனையை விதித்தவர் பொறுப்பிலிருந்து மறைந்துகொள்ளும்போதும், அதன் விலையை விலக்கப்பட்டவரே செலுத்தும்போதும், அவர் வேறொருவராக மாறினால்தான் ஏற்கப்படுவார் என்னும்போதும் சமயம் பிறழ்பயன்பாட்டுக்கு உள்ளாகிறது.

வகுப்பறைகளில் திருநாளைப்போவார் புராணம் பெரும்பாலும் பக்தியின் வெற்றியாகவோ சாதிக் கொடுமையின் சான்றாகவோ தனித்துப் பயிற்றுவிக்கப்படுகிறது. அதைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர், திருநீலநக்கர் புராணங்களோடு சேர்த்துக் கற்பிப்பது பயன்தரும். அப்போது தில்லையில் மூட்டப்பட்ட தீ ஒன்றே சைவ மரபின் தீ அன்று என்பதும், சாத்தமங்கையில் ஒரு வீட்டின் நடுவே வேறொரு தீ எரிந்தது என்பதும் மாணவர்க்குத் தெரியவரும்.